எரிமலை அனுப்பி வைத்த சமையல்

எரிமலைக்கும் உணவு விடுதிக்கும் என்ன சம்பந்தம் இருக்க முடியும்? அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் 1957-ஆம் ஆண்டில் ஓர் எரிமலை வெடித்தது. அது வெடிக்காமல் இருந்திருந்தால், அமெரிக்காவின் ஒரு பழைய ஆலை நகரத்தில் நான் பலமுறை சாப்பிட்ட ஒரு சிறிய போர்ச்சுகீசிய உணவு விடுதி தோன்றியே இருக்காது. அந்த விடுதியின் அடுக்களையில் நான் கற்றுக்கொண்ட பௌதிகம் கொஞ்சநஞ்சமல்ல. அதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

2011-ஆம் ஆண்டில் ஆராய்ச்சிப் பணிக்காக ஓராண்டு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தங்கியிருந்தேன். அம்மாநிலத்தின் தென்கோடியில் ஃபால் ரிவர் என்று ஒரு நகரம். ஒரு காலத்தில் பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றது. கருங்கல்லால் கட்டிய ஆலைக் கட்டடங்கள் இன்றும் அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனால் தறிகளின் ஓசை அடங்கிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. போர்ச்சுகீசிய வழியினர் மிகுதியாக வாழும் ஊர் அது. கடைப் பலகைகளிலும் அந்த மொழி, தெருப் பேச்சிலும் அந்த மொழி.

நான் சொல்லும் விடுதியில் மொத்தம் எட்டே மேசைகள். உரிமையாளருக்கு அப்போது வயது அறுபத்து மூன்று. பணம் வாங்கும் மேடையின் மீது ஒரு கண்ணாடிக் குப்பி வைத்திருந்தார். அதில் சாம்பல் நிறத்தில் ஏதோ பொடி இருந்தது. மிளகுப் பொடியாக்கும் என்று நினைத்து எடுக்கப் போனேன். "அது சாப்பிடுகிற பொருள் அல்ல, தம்பி! அது எங்கள் ஊர்" என்று சிரித்தார்.

கடல் கொதித்த நாள்

போர்ச்சுகல் தலைநகரான லிஸ்பனுக்கு மேற்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவில் அசோர்ஸ் தீவுகள் உள்ளன. மொத்தம் ஒன்பது தீவுகள். பூமியின் மேலோடு பல பெரும் தட்டுகளாகப் பிளவுபட்டிருக்கிறது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். வட அமெரிக்கத் தட்டு, யுரேசியத் தட்டு, ஆப்பிரிக்கத் தட்டு ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் இத்தீவுக் கூட்டத்தின் அருகில்தான் இருக்கிறது. தட்டுகள் விலகும் இடத்தில் அடியிலிருந்து உருகிய பாறைக் குழம்பு மேலே வருகிறது. ஒன்பது தீவுகளும் அப்படிப் பிறந்தவையே.

அவற்றில் ஒன்று ஃபயால். நம் விடுதிக்காரர் பிறந்த தீவு. அங்கே 1957 செப்டம்பர் மாதத்தின் பிற்பாதியில் 200-க்கும் மேற்பட்ட சிறு நிலநடுக்கங்கள் ஏற்பட்டன. செப்டம்பர் 27-ஆம் நாள், திமிங்கிலம் வருகிறதா என்று கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த காவலர்கள் ஓர் அதிசயத்தைக் கண்டார்கள். தீவின் மேற்கு முனைக்கு அப்பால் கடல்நீர் உலைபோலக் கொதித்தது! கபெலின்யோஸ் எரிமலை கடலுக்கடியில் கண் விழித்துவிட்டது.

நீரும் நெருப்புக் குழம்பும் சந்தித்தால் என்ன நடக்கும்? ஒரு கன சென்டிமீட்டர் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் ஆவியானால் சுமார் 1,700 கன சென்டிமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. பாறைக் குழம்பின் வெப்பநிலையோ 1,000 டிகிரிக்கும் மேல். ஆகவே குழம்பைத் தொட்ட கடல்நீர் நொடிப் பொழுதில் ஆவியாகிக் குண்டுபோல் வெடிக்கிறது. வெடித்த வேகத்தில் குழம்பு நுண்துகள்களாகச் சிதறி உடனே குளிர்ந்து உறைகிறது. இதைத்தான் எரிமலைச் சாம்பல் என்கிறோம். பெயர்தான் சாம்பலே தவிர, எதுவும் எரிந்ததால் வந்தது அல்ல. குப்பியிலிருந்த பொடியில் ஒரு சிட்டிகையை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். கூர்மையான முனைகளுடன் உடைந்த கண்ணாடித் தூள் மாதிரியே இருந்தது.

அக்டோபரில் கடலில் ஒரு புதுத் தீவு தோன்றி, சில நாட்களில் மூழ்கியும் போயிற்று. நவம்பரில் மறுபடியும் எழுந்து, இம்முறை ஃபயாலுடன் ஒட்டிக்கொண்டது. குவிந்த சாம்பல் சுவர்போல நின்று கடல்நீரை எரிமலை வாயிலிருந்து பிரித்தது. நீரின் வரவு நின்றதும் வெடிப்பு அடங்கி, குழம்பு ஊற்றுப்போல் பொங்கி வழியத் தொடங்கியது. எரிமலை 1958 அக்டோபர் வரை பதின்மூன்று மாதம் இயங்கியது.

கூரையின் மேல் ஐந்து டன்

"சாம்பல்தானே, தட்டிவிட்டால் போகாதா?" என்று கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையின் மேல் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சாம்பல் படிந்தால் அதன் பருமன் 100 லிட்டர். லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்தாலும் 100 கிலோகிராம். கூரையின் பரப்பு 50 சதுர மீட்டர் என்றால் மொத்தச் சுமை 5,000 கிலோகிராம், அதாவது ஐந்து டன்! மழையில் நனைந்தால் இன்னும் கூடும். உத்தரங்கள் முறிந்தன. ஓட்டு வீடுகள் அமிழ்ந்தன. வயல்கள் புதைந்தன. கரையோரத்துக் கலங்கரை விளக்கத்தின் அடித்தளமும் புதைந்தது. அதன் கோபுரம் சாம்பல் மேட்டுக்கு மேலே தலை நீட்டியபடி இன்றும் நிற்கிறது. 1958 மே மாதத்தில் வந்த கடும் நிலநடுக்கத்தில் மேலும் நூற்றுக்கணக்கான வீடுகள் இடிந்தன. நல்ல வேளையாக உயிரிழப்பு இல்லை. ஆனால் உழுவதற்கு நிலம் இல்லை, படுப்பதற்கு வீடு இல்லை.

அப்போது அமெரிக்காவின் குடியேற்றச் சட்டம் கடுமையானது. போர்ச்சுகல் நாட்டுக்கு ஆண்டுக்குச் சில நூறு பேர் என்ற அளவே அனுமதி. ஆனால் அசோர்ஸ்காரர்களுக்கு அமெரிக்கா புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இத்தீவுகளில் நின்று ஆட்களை ஏற்றிச் சென்றன. ஃபால் ரிவருக்குப் பக்கத்து நகரமான நியூ பெட்ஃபோர்டில் அவர்களுடைய சந்ததிகள் ஏற்கெனவே வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் தங்கள் செனட்டர்களை அணுகினார்கள். ரோட் ஐலண்டின் ஜான் பாஸ்டோர், மாசசூசெட்ஸின் ஜான் கென்னடி ஆகிய இருவரும் முன்னின்று முயன்றதால் 1958 செப்டம்பரில் அசோர்ஸ் அகதிகள் சட்டம் நிறைவேறியது. முதலில் 1,500 அனுமதிகள். அந்தக் கென்னடிதான் பின்னர் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஆனவர்.

இப்படித்தான் பத்து வயதுச் சிறுவனாக நம் விடுதிக்காரர் பெற்றோருடன் அமெரிக்கா வந்து சேர்ந்தார். படிப்பு நான்கு வகுப்போடு நின்றிருந்தது. புது நாட்டில் மொழி புரியாமல் தடுமாறினார். பதினாறு வயதில் ஆலை வேலை. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடியபோது அம்மாவிடம் கற்ற சமையலை நம்பி இந்த விடுதியைத் தொடங்கினார்.

நிலமே அடுப்பு

அவருடைய மனைவி சாவோ மிகேல் என்ற இன்னொரு அசோர்ஸ் தீவைச் சேர்ந்தவர். அத்தீவில் ஃபுர்னாஸ் என்ற எரிமலைப் பள்ளத்தாக்கு உண்டு. அங்கே ஏரிக்கரையில் குழி தோண்டி, மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, கோழி, முட்டைக்கோசு, சேம்பு, கேரட் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் அடுக்கி, மூடிக் கட்டி, மண்ணுக்குள் இறக்கிவிடுவார்கள். ஆறு மணி நேரம் கழித்து வெளியே எடுத்தால் உணவு தயார். விறகும் இல்லை, எண்ணெயும் இல்லை! கொசீது என்பது அதன் பெயர். பூமிக்குள்ளிருந்து கசிந்து வரும் நீராவிதான் அதை வேக வைக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேற்பரப்புக்கு அருகில் நீராவியின் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தை ஒட்டியே இருப்பதால் அதன் வெப்பநிலை 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. யாரும் அடுப்பைக் கவனிக்க வேண்டாம். இயற்கையே அளவைக் காக்கிறது. இறைச்சியில் கொலாஜன் என்ற கடினமான புரத நார் உண்டு. 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் ஈரத்தோடு வைத்தால் அது மெல்ல ஜெலாட்டினாக மாறிக் குழைகிறது. அவசரத்துக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்காவுக்கு எரிமலைப் பள்ளத்தாக்கை எடுத்து வர முடியுமா? முடியாது. ஆகவே அந்த அம்மையார் கனத்த பாத்திரத்தில் வைத்து, மிகச் சிறிய தீயில் வேக விடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் ஒருநாள் சீக்கிரம் வேகட்டும் என்று தீயைப் பெரிதாக்கினான். "தீயைக் கூட்டினால் தண்ணீர்தான் குறையும், சூடு கூடாது" என்று அதட்டினார் அம்மையார். எவ்வளவு சரியான பௌதிகம்! கொதிக்கும் நீர் 100 டிகிரியிலேயே நிற்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் வெப்பம் முழுவதும் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. ஒரு கிராம் நீரை ஆவியாக்க 540 கலோரி தேவை. இதையே உள்ளுறை வெப்பம் என்று உங்கள் பாடநூல் சொல்கிறது.

கட்டை போன்ற மீன்

போர்ச்சுகீசிய உணவில் முதலிடம் பெறுவது பக்கல்யாவ். உப்பிட்டு உலர்த்திய காட் மீன், அதாவது ஒருவகைக் கருவாடு. கட்டைபோல விறைப்பாக இருக்கும். வேடிக்கை என்னவென்றால், காட் மீன் போர்ச்சுகல் கடலிலோ அசோர்ஸ் கடலிலோ கிடைப்பதில்லை. வடக்கே கனடாவை ஒட்டிய நியூஃபவுண்ட்லாந்துக் கடலுக்கும் அதற்கு அப்பாலும் சென்று பதினாறாம் நூற்றாண்டிலிருந்தே அதைப் பிடித்து வந்தார்கள். பல மாதக் கடற்பயணத்தில் மீன் கெடாமல் இருக்க வேண்டுமே! அதற்கு உப்பு உதவியது.

உப்பு எப்படி மீனைக் காக்கிறது? உயிரணுவைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. வெளியே உப்பு மிகுந்தால், உள்ளிருக்கும் நீர் சவ்வைக் கடந்து வெளியேறுகிறது. இதுவே சவ்வூடு பரவல். மீனின் நீரும் வெளியேறுகிறது. மீனைக் கெடுக்க வரும் பாக்டீரியாவின் நீரும் வெளியேறுகிறது. நீர் இழந்த பாக்டீரியா பெருக முடியாது. ஆனால் எல்லா மீனும் இப்படி நெடுநாள் தாங்காது. கொழுப்புள்ள மீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து காறல் வாடை எடுத்துவிடும். காட் மீனின் சதையில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. கொழுப்பு எல்லாம் அதன் ஈரலில் இருக்கிறது. காட் ஈரல் எண்ணெய் என்று மருந்துக் கடையில் விற்பது அதுதான்.

என் தவறும் அம்மா சொன்ன முறையும்

ஒருநாள் ஆசைப்பட்டு நானே பக்கல்யாவ் வாங்கி வந்து சமைத்தேன். உப்பு போக ஊற வைக்க வேண்டும் என்று தெரியும். ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மீனை அதில் போட்டு, மறுநாள் எடுத்துச் சமைத்தேன். வாயில் வைக்க முடியவில்லை, அவ்வளவு கரிப்பு! விடுதிக்காரரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"எத்தனை முறை தண்ணீர் மாற்றினீர்கள், தம்பி?"

"மாற்றவில்லை. ஆனால் நிறையத் தண்ணீர் வைத்தேனே!"

"நிறையத் தண்ணீர் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறை மாற்ற வேண்டும். என் அம்மா சொன்ன முறை அதுதான்" என்றார். அசோர்ஸில் அவர்கள் இருந்த மேட்டுக்கு நீர் சுமந்து வர வேண்டுமாம். வீணாக்க முடியாது.

அறைக்குத் திரும்பியதும் காகிதத்தில் கணக்குப் போட்டேன். மீனுக்குள் 1 லிட்டர் நீரும் அதில் 160 கிராம் உப்பும் இருப்பதாகக் கொள்வோம். 9 லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையாக ஊற வைத்தால் உப்பு மொத்தம் 10 லிட்டரில் பரவும். மீனுக்குள் மிஞ்சுவது பத்தில் ஒரு பங்கு, 16 கிராம். அதே 9 லிட்டரை 3 லிட்டராக மூன்று தடவை பயன்படுத்தினால்? ஒவ்வொரு தடவையும் நான்கில் ஒரு பங்கே மிஞ்சும். முதலில் 40 கிராம், பிறகு 10 கிராம், கடைசியில் 2.5 கிராம்! அதே தண்ணீர்தான், ஆனால் மிஞ்சிய உப்பு ஆறில் ஒரு பங்குக்குக் குறைவு. ஒவ்வொரு தடவையும் உப்பு முழுவதுமாகச் சமநிலைக்கு வரக் காத்திருக்க முடியாது என்பதால் உண்மையில் கணக்கு இவ்வளவு துல்லியமாக இராது. ஆயினும் முறை இதுவே. ஆய்வுக்கூடத்தில் வீழ்படிவைக் கழுவும்போதும் இதையே செய்கிறோம். மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இதைச் சொல்லிக்கொடுத்த நான், சமையலறையில் மறந்துவிட்டேன்!

இன்னொன்றும் கவனித்தேன். அவர் மீனின் மெல்லிய வால் துண்டுகளையும் தடித்த முதுகுத் துண்டுகளையும் தனித்தனிப் பாத்திரத்தில் ஊற வைப்பார். உப்பு உள்ளிருந்து விரவி வெளியே வர ஆகும் நேரம் தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. வால் சில மணி நேரத்தில் தயார். முதுகுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். உப்பு போன மீன் மீண்டும் கெடக்கூடியது ஆகையால் பாத்திரங்களைக் குளிர்பெட்டியில் வைப்பார்.

தீராது என்று நினைத்த கடல்

"இந்த மீன் இப்போது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டபோது அவர் முகம் மாறியது. "நார்வேயிலிருந்து. பக்கத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்திலிருந்து இல்லை" என்றார்.

1883-இல் லண்டனில் நடந்த மீன்வளக் கண்காட்சியில் தாமஸ் ஹக்ஸ்லி என்ற பெரிய விஞ்ஞானியே, காட் போன்ற பெருங்கடல் மீன்வளம் தீராதது என்று கூறினார். அவர் காலத்துத் தூண்டில்களையும் வலைகளையும் வைத்துப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றியது. ஆனால் 1950-களுக்குப் பின் கப்பலிலேயே மீனை உறைய வைக்கும் மாபெரும் இழுவைக் கப்பல்கள் வந்தன. ஒலி அலையால் மீன் கூட்டத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளும் வந்தன. 1968-இல் மட்டும் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் பிடிக்கப்பட்டது. பிறப்பதை விடப் பிடிப்பது மிகுந்தால் முடிவு என்ன? 1992 ஜூலை 2-ஆம் நாள் கனடா அரசு அங்கே காட் பிடிப்பதற்குத் தடை விதித்தது. 30,000-க்கும் மேற்பட்டோர் வேலை இழந்தனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து 2024-இல்தான் அந்தத் தடை நீக்கப்பட்டது.

நம் விடுதிக்காரர் தடைக்குப் பின் பட்டியலில் காட் உணவுகளைக் குறைத்தார். விலை ஏறியது ஒரு காரணம். "ஒரு ஊர் போனதை நான் பார்த்திருக்கிறேன். அது எரிமலை செய்தது. இந்தக் கடலை நாங்களே அல்லவா காலி செய்தோம்?" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் ஒலிக்கிறது.

விலை இல்லாத சூப்

ஆண்டில் ஒரு வாரம் அவர் விடுதியை மூடிவிடுவார். பரிசுத்த ஆவித் திருவிழா! அசோர்ஸ் மக்கள் எங்கே குடியேறினாலும் கூடவே எடுத்துச் செல்லும் விழா. நிலநடுக்கமும் எரிமலையும் வரும்போதெல்லாம் அம்மக்கள் நேர்ந்துகொண்டு செய்த அன்னதானம் இது. ஏழை, பணக்காரர், உள்ளூர், வெளியூர் என்று பாராமல் யார் வந்தாலும் சோப்பாஸ் என்ற சூப்பை இலவசமாக வழங்குவார்கள். மாட்டிறைச்சிச் சாற்றைப் புதினா இலை வைத்த ரொட்டித் துண்டுகளின் மேல் ஊற்றித் தருவார்கள்.

ரொட்டி புதிதாக இருக்கக் கூடாது. ஓரிரு நாள் பழையதாக இருக்க வேண்டும். ஏன்? புது ரொட்டியில் மாவுச்சத்து நீரேறி மென்மையாக இருக்கிறது. சூடான சாறு பட்டால் குழைந்துவிடும். நாளாக ஆக மாவுச்சத்து மூலக்கூறுகள் மீண்டும் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகின்றன. அப்போது அது பஞ்சுபோல் சாற்றை உறிஞ்சியும் உருக்குலையாமல் நிற்கிறது. பெரிய அண்டாவில் சாறு கொதித்துக்கொண்டிருக்க, அன்று நானும் வரிசையில் நின்று தட்டை ஏந்தினேன். என்னை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மேசையும் சாவியும் மிளகாயும்

ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரம். அவர் மனைவியிடம் ஏதோ போர்ச்சுகீசிய மொழியில் சொன்னார். அதில் 'ஷாவ்' என்றும் 'ஜனேலா' என்றும் என் காதில் விழுந்தது. அவர் கேட்டது சாவியை. சாத்தச் சொன்னது ஜன்னலை! எங்கள் மொழியிலும் அவை சாவி, ஜன்னல்தான் என்றேன். அவர் நம்பவில்லை. மேசை, அலமாரி, துவாலை, பீப்பாய், அன்னாசி என்று நான் அடுக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் தம் மொழிச் சொல்லைச் சொல்லிக்கொண்டே போனார். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய பின் நம் கரைகளுக்கு வந்து தங்கிவிட்ட சொற்கள் இவை.

உடனே அடுக்களைக்குள் சென்று ஒரு ஜாடியைக் கொண்டு வந்தார். உப்பிட்டு அரைத்த சிவப்பு மிளகாய் விழுது. அசோர்ஸ் வீடுகளில் அது இல்லாமல் அடுப்பு எரியாது. அந்த மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுகீசியக் கப்பல்களில் ஏறி, பதினாறாம் நூற்றாண்டில் நம் நாட்டுக்கு வந்ததே. அதற்கு முன் நம் முன்னோர்க்குக் காரம் என்றால் மிளகுதான். மிளகைப் போல் உறைக்கும் காய் என்பதால் மிளகாய் என்று பெயரிட்டார்கள்.

காரம் ஏன் சுடுவதுபோல் இருக்கிறது? மிளகாயிலுள்ள காப்சைசின் என்ற பொருள், நாக்கின் நரம்பு முனைகளில் வெப்பத்தை உணரும் ஒரு புரதத்தோடு இணைகிறது. சுமார் 43 டிகிரி வெப்பத்தில் திறக்க வேண்டிய வாயில் அது. காப்சைசின் பட்டதும் சாதாரண வெப்பத்திலேயே திறந்துகொள்கிறது. நாக்கு சுட்டுவிட்டதாக மூளை ஏமாறுகிறது! இந்தப் புரதத்தை 1997-இல் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஊர் திரும்பும்போது அந்தக் குப்பியிலிருந்து ஒரு சிட்டிகைச் சாம்பலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார் பெரியவர். என் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அது இருக்கிறது. புதிய மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் காட்டுவது வழக்கம். இது எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்கும்போது, ஓர் உணவு விடுதியிலிருந்து என்று சொல்லித்தான் பாடத்தைத் தொடங்குகிறேன்.

நீங்களே செய்து பாருங்கள்

மீன் இல்லாமலே பக்கல்யாவ் கணக்கைச் சோதிக்கலாம். நீல மை கலந்த நீரை இரண்டு கண்ணாடிக் குவளைகளில் 10 மில்லிலிட்டர் வீதம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் குவளையில் 90 மி.லி. தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றுங்கள். இரண்டாவதில் 30 மி.லி. ஊற்றிக் கலக்கி, 10 மி.லி. மட்டும் மிஞ்சும்படி கொட்டிவிடுங்கள். மறுபடியும் 30 மி.லி. ஊற்றிக் கலக்கி, முன்போலவே 10 மி.லி. மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறை 30 மி.லி. ஊற்றிக் கலக்கியதோடு நிறுத்திவிடுங்கள். இரண்டிலும் நீங்கள் செலவிட்ட தண்ணீர் 90 மி.லி.தான். இரு குவளைகளிலிருந்தும் ஒரே அளவு நீரைச் சோதனைக் குழாய்களில் எடுத்து, வெள்ளைத் தாளின் முன் பிடித்து நிறத்தை ஒப்பிடுங்கள். முதலாவதில் மையின் செறிவு பத்தில் ஒரு பங்கு. இரண்டாவதில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு. சோப்பு போட்ட துணியை அலசும்போது அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள். அவருக்கு முன்பே தெரிந்திருக்கும். ஏன் என்பதை நீங்கள் விளக்கலாம்.